மடியில் வைத்துத்தான் மருந்து

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
28.1.2025

கலைமணிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை, அதனால் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன். உன் நம்பரை ப்ளாக் பண்ணி வைத்திருக்கிறேன். ஆனால் கேட்க வேண்டியது நெஞ்சு முட்ட இருக்கிறது. உங்க அண்ணன்தான் தினமும் சிதம்பரத்துக்கு பஸ் ஓட்டுகிறாரே, அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். “நான் டிரைவரு, போஸ்ட்மேன் இல்ல” என்றார். முறைத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ செய்தது என்ன நியாயம்? லீவு நாளில் அண்ணன் மகளைப் பார்க்க வந்தாய், சரி. இங்கே ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போகும்போது “நானும் வரேன் அண்ணி” என்றாய், அதுவும் சரி. அங்கே வந்து என்ன ஆட்டம் ஆடினாய்? ஆறு வயசுப் பிள்ளைக்கு முழங்காலின் பின்பக்கம் முழுக்க வெந்து கிடக்கிறது. பொங்கலன்று என் கையில் இருந்த சுடுதண்ணிக் குண்டானில்தான் ஓடிவந்து இடித்தாள். அதை நினைக்காமல் நான் ஒரு வாய் சோறு தின்றதில்லை. வெந்த இடத்தில் கை வைத்தால் இலக்கியா துடிப்பாள், உதைப்பாள். அதனால்தான் காலை ஒருத்தர், தோளை ஒருத்தர் என்று அமுக்கிப் பிடிக்கிறார்கள். உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது. நீ நடுவில் புகுந்து, “எல்லாரும் கைய எடுங்க, இது புள்ளயா ஆட்டுக்குட்டியா” என்று கத்தி, பாதி பிரித்த கட்டோடு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கட்டு கட்டுகிற அய்யனார், “அந்த நர்ஸம்மாவ இட்டுனு வராம இருந்தா வாங்க” என்று சொல்லிவிட்டார். நேற்று நான் மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரித் தெருமுனை திரும்பியதுமே ஆட்டோவில் என் மடியில் மூத்திரம் போய்விட்டாள். அவ்வளவு பயம். உதைத்த உதையில் மேலாக ஒத்தி எடுத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள், உள்ளே சுத்தம் பண்ண முடியவில்லை. அங்கே இருக்கிற டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? “கால நீட்டவே மாட்டேங்குதும்மா. தோலு இப்படியே இழுத்துக்கிட்டு ஆறினா முட்டி மடங்கின மேனிக்கே நின்னுடும். நடை கோணிடும்.” அதைக் கேட்டதிலிருந்து என்னால் தையல் மிஷின் முன்னால் உட்கார முடியவில்லை.

நீ சிதம்பரத்தில் உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா என்கிறாய். மூக்கில் மருந்து விட்டுத் தூங்க வைத்துக் கட்டு மாற்றுவீர்கள் என்கிறாய். யார் தூங்க வைப்பது? டாக்டர் இல்லை, நர்ஸ். பெரிய டாக்டர் கொடுக்கிற மயக்கத்துக்கே ஆயிரம் கையெழுத்து வாங்குகிறார்கள். தூங்கின பிள்ளை எழுந்திருக்கவில்லை என்றால் நீ வந்து எனக்குப் பதில் சொல்வாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு ஒன்றும் எனக்குத் தேவையில்லை.

மலர்க்கொடி


சிதம்பரம்
29.1.2025

அண்ணிக்கு,

இதற்கு மட்டும் பதில் எழுது என்று சொன்னால் நான் எல்லாவற்றுக்கும் எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் நீங்கள் கேட்டதற்கு முதலில் சொல்கிறேன்.

எழுந்திருப்பாள். எழுந்திருக்காமல் போவதற்கு என்னென்ன வழி இருக்கிறதோ அத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கவே எங்களை விட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் வைத்திலிங்கம் சார் ஒரு மழைக்காலம் முழுக்க எங்களை ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வைத்து, மூச்சைப் பார்க்கச் சொன்னார். மருந்து பற்றி அப்புறம், முதலில் மூச்சு. மூச்சு குறைந்தால் தாடையை எப்படித் தூக்குவது, ஆக்ஸிஜன் எப்படி வைப்பது, பையை அழுத்தி எப்படி மூச்சு கொடுப்பது, எந்த நேரத்தில் அவரைக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் பரீட்சை வைத்தார். முதல் தடவை நான் தேறவில்லை. திரும்பப் படித்து, திரும்ப நின்று, தேறினேன்.

எந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கலாம், எந்தப் பிள்ளையைத் தொடவே கூடாது என்று அவர்தான் பரிசோதித்துச் சொல்வார். நாங்கள் வேலை செய்யும்போது பக்கத்து அறையில் இருப்பார். இது ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்கம் இல்லை அண்ணி. வலியும் பயமும் எட்டாத ஒரு தூக்கம். ஒரு நர்ஸ் கட்டு மாற்றுவாள். இன்னொருத்தி கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பிள்ளையின் முகத்தையும் மார்பையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் அவள் வேலை. எங்கள் வார்டில் அந்த இன்னொருத்தி நான். நானே கேட்டு, நானே அலைந்து ஆரம்பித்து வைத்தது இது. பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறேன். மருந்து விடும்போது பிள்ளை கட்டிலில் இருக்கக் கூடாது. அம்மா மடியில், இல்லாவிட்டால் அப்பா மடியில். அங்கேயே கண் சொக்கித் தூங்கின பிறகுதான் கட்டிலுக்கு மாற்றுவோம். அதுவரைக்கும் வேறு யார் கையும் பிள்ளை மேல் படாது. மடியில் வைத்துத்தான் மருந்து. அவசரமாக இருக்கிற டாக்டர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்.

அய்யனார் அண்ணன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சுத்தமான கைக்காரர். அவருக்கு வேறு வழியை யாரும் கொடுக்கவில்லை, எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கியா அலறுவதைப் பார்த்து எப்படி நிற்பது? கத்தியது தப்பாக இருக்கலாம். நிறுத்தியது தப்பே இல்லை.

திங்கட்கிழமை கூட்டி வாருங்கள். அந்த முட்டி காத்திருக்காது.

கலைமணி


கடலூர்
31.1.2025

கலை,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் தடவை தேறவில்லை என்று ஏன் எழுதினாய்? எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியமாவது வந்திருக்கும். உங்க அண்ணனிடம் சொன்னேன். “தேறலன்னு எழுதறவ பொய் சொல்லுவாளா? அத வெச்சே நம்பலாம்” என்றார். தங்கச்சி என்றால் மனுஷனுக்கு வாய் திறந்துவிடுகிறது. எனக்காக ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பாரா?

நேற்று இலக்கியா சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனாள். கட்டு போட்ட கால் முனைவிரல் மட்டும்தான் தரையைத் தொடுகிறது. கொக்கு மாதிரி நிற்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சிரிக்கிறாள். பெத்த வயிறு எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மருந்து விடுவது நீயாக இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நீதான். வேறு எவளும் என் பிள்ளையைத் தொடக் கூடாது. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் கை என்றால் மட்டும்தான் வருவேன்.

மலர்க்கொடி


சிதம்பரம்
1.2.2025

அண்ணி,

நீங்கள் அப்படி எழுதியதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் முடியாது. நான் செய்ய மாட்டேன்.

சொந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்று எங்கள் அறையில் ஒரு விதி. அந்த விதியைப் போட்டதே நான்தான். அழுகிறது நம் பிள்ளை என்றால் சொட்டு மருந்து ஜாஸ்தி விடத் தோன்றும். மூச்சு குறைந்தால், அப்படி ஒன்றும் இல்லை என்று நம்பத் தோன்றும். அந்த ஒரு கணம் போதும். எனக்குக் கை நடுங்காது என்று சொல்ல மாட்டேன் அண்ணி. அவள் பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றி வாங்கினவள் நான்.

கனிமொழி பார்ப்பாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், இப்போது என்னை விட நிதானம். நான் அறைக்குள் வரவே மாட்டேன்.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பால், டீ, பிஸ்கட், பழம், இட்லி எதுவும் கூடாது. காலையில் எட்டு மணி வரைக்கும் தண்ணீர் கொடுக்கலாம். பசிக்கிறது என்று அழுதாலும் மனம் இளகிவிடாதீர்கள். அண்ணனிடமும் சொல்லுங்கள், அவரை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கலை


கடலூர்
3.2.2025

கலைமணிக்கு,

மறுபடியும் பேரை மட்டும்தான் எழுதுகிறேன்.

காலையில் உங்க அண்ணன் பஸ்ஸிலேயே வந்தோம். முன்சீட்டில் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு வந்தேன். கனிமொழி நன்றாகத்தான் பேசினாள், இலக்கியாகூடச் சிரித்தாள். காலையில் என்ன குடித்தாள் என்று கேட்டாள். தண்ணி மட்டும்தான் என்றேன். உடனே இந்த வாயாடி, “பழைய சோத்துத் தண்ணி அக்கா, மோரு ஊத்தி” என்றாள்.

ஆமாம், கொடுத்தேன். வெந்த உடம்பு, உள்ளே அனல் மாதிரி இருக்கிறது. வெறும் குழாய்த் தண்ணி அந்தச் சூட்டைத் தணிக்குமா? அம்மை போட்டால், அனல் அடித்தால் நம் வீட்டில் வேறு எதைக் கொடுக்கிறார்கள்? ஒரு பருக்கைகூட இல்லாமல் வடிகட்டித்தான் கொடுத்தேன். பால், டீ, பிஸ்கட், பழம், இட்லி என்று எழுதினாய், ஒன்றையும் நான் தொடவில்லை. தண்ணி கொடுக்கலாம் என்று எழுதினவள் நீ.

கனிமொழி மருந்துத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். என் நாத்தனாரைக் கூப்பிடு என்றேன். நீ வந்தாய். வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு, யாரோ மாதிரி, “இன்னைக்கு முடியாது அண்ணி, புதன்கிழமை வாங்க” என்றாய். மத்தியானம் வரைக்கும் காத்திருக்கிறேன் என்றேன். மத்தியானம் டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விடுவார், அவர் பக்கத்தில் இல்லாமல் மருந்து இல்லை என்றாய். பக்கத்துக் கட்டில் பொம்பளை உச்சுக் கொட்டினாள். உன் அண்ணன் மகளுக்குக்கூட ஒரு சலுகை கிடையாதா? முட்டி காத்திருக்காது என்று எழுதினது யார்?

கட்டைக்கூடப் பிரிக்காமல் திரும்பி வந்தோம். உங்க அண்ணன் பண்ருட்டிக்காரனோடு டியூட்டி மாற்றிக்கொண்டு எங்களோடு வந்தார். இனி நான் வர மாட்டேன். அய்யனாரிடமே போய் நாலு பேர் பிடித்துக்கொள்கிறோம்.

மலர்க்கொடி


சிதம்பரம்
4.2.2025

அண்ணி,

இது என் தப்பு. நானும் அதே வீட்டில் பிறந்தவள்தான். உடம்பு சூடு என்றால் நீராகாரத்தில் மோர் ஊற்றிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பால் டீ என்று புஸ்தகத்தில் இருப்பதை எழுதினேன், நம் வீட்டில் இருப்பதை எழுதவில்லை. நேற்றே வார்டு சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் சேர்த்துவிட்டோம். நீராகாரம், மோர், கூழ், கஞ்சி எதுவும் கூடாது என்று கனிமொழி சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். இனி வருகிற எந்த அம்மாவும் உங்களை மாதிரி திரும்பிப் போக வேண்டியிருக்காது.

ஆனால் திருப்பி அனுப்பியது தப்பில்லை. அது ஏன் என்று கேளுங்கள். தூங்குகிற பிள்ளைக்கு வாந்தி வந்தால் இருமத் தெரியாது. வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வெறும் தண்ணீர் சீக்கிரம் வயிற்றை விட்டுப் போய்விடும், மோர் போகாது. நீங்கள் முதலில் கேட்டீர்களே, தூங்கின பிள்ளை எழுந்திருக்குமா என்று, அதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. சலுகை காட்டியிருந்தால் நான் உங்களுக்கு நல்ல நாத்தனாராக இருந்திருப்பேன். அவளுக்கு அத்தையாக இருந்திருக்க மாட்டேன்.

யாரோ மாதிரி நின்றேன் என்கிறீர்கள். நீங்கள் போன பிறகு மருந்து அறையில் உட்கார்ந்து அழுதேன். கனிமொழி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, “அக்கா, நீங்க சரின்னு சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்” என்றாள். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு அவ்வளவு கர்வம் வந்தது அண்ணி. என் முகத்துக்காக வளையாத ஒருத்தியிடம்தான் உங்கள் பிள்ளையைக் கொடுக்கச் சொல்கிறேன்.

அய்யனார் அண்ணனிடம் போக வேண்டாம். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். கெஞ்சுகிறேன். நாளைக்கு வாருங்கள்.

கலை


கடலூர்
6.2.2025

அன்புள்ள கலை,

நேற்று நடந்ததை உனக்கு எழுதுகிறேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாய், நான் இந்தப் பக்கம் இருந்தேன். இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

காலையில் இலக்கியாவுக்குத் தண்ணியைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. உங்க அண்ணனைக்கூட அவள் எதிரில் டீ குடிக்க விடவில்லை. கனிமொழி தட்டோடு வந்தாள். தட்டில் ஊசி இல்லை என்பதை இலக்கியாவே எட்டிப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டாள். என் மடியில் சாய்ந்துகொண்டு, ஒரு மூக்கில் கொஞ்சம், இன்னொரு மூக்கில் கொஞ்சம். “கசக்குதுக்கா” என்றாள், அவ்வளவுதான். பிறகு பள்ளிக்கூடத்துக் கதை ஆரம்பித்தாள். தஸ்னீம் புதுசாக பென்சில் பாக்ஸ் வாங்கியிருக்கிறாள், அதில் ஒரு பட்டனை அமுக்கினால், என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த பட்டனோடு தூங்கிவிட்டாள். பிறந்த குழந்தையாக இருக்கும்போதுதான் என் மடியில் அப்படித் தூங்கினாள். பொங்கலுக்குப் பிறகு அவள் புருவம் சுருங்காமல் இருந்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.

கட்டிலுக்கு மாற்றினார்கள். ஒரு நர்ஸ் கட்டைப் பிரித்தாள், நிதானமாக, ஓரமெல்லாம் சுத்தம் பண்ணிக்கொண்டு. யாரும் யாரையும் அமுக்கவில்லை, யாரும் கத்தவில்லை. வலிக்கிற வேலை நடக்கிறது, அறை அமைதியாக இருக்கிறது. என்னால் அதை நம்பவே முடியவில்லை. பிறகு முட்டியை மெல்ல மெல்ல நீட்டினார்கள்.

அப்போதுதான் கனிமொழி சட்டென்று குனிந்து இலக்கியாவின் தாடையைத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் பிள்ளை விரலில் மாட்டியிருந்த மிஷினின் சத்தம் மாறியது. நம்பர் இறங்கியது. “என்னம்மா ஆச்சு” என்று கேட்கிறேன். மூக்கில் வாயில் மாஸ்க்கை வைத்தாள், கையை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். “நீயே பாரும்மா” என்று மட்டும் சொன்னார். நம்பர் ஏறியது. மூச்சு சீரானது. கனிமொழி என் பக்கம் திரும்பாமலே, “நல்லா இருக்கா அக்கா, கொஞ்சம் ஆழமாத் தூங்கிட்டா” என்றாள்.

அந்த நேரத்தில் நான் உன்னைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். ஏன் உள்ளே ஓடி வரவில்லை, இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன், மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. நீ உள்ளே வந்திருந்தால் கனிமொழி உன் முகத்தைப் பார்த்திருப்பாள். என் பிள்ளை முகத்தைப் பார்க்க ஆள் இருந்திருக்காது.

இலக்கியா கண் விழித்தாள். என்னைப் பார்த்து, “எப்பம்மா கட்டு மாத்துவாங்க?” என்று கேட்டாள். மாத்தியாச்சுடி என்றேன். நம்பவில்லை, போர்வையை விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பசிக்குது என்றாள். உங்க அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அழுதேன், ஆனால் அவரை விடக் குறைவு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், முன்சீட்டு பின்சீட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். எங்க வூட்டுப் பொண்ணு ஆரம்பிச்சு வெச்சது என்றேன். ப்ளாக் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் எடுத்தால் நான் மலர்க்கொடி இல்லை.

மலர்க்கொடி


சிதம்பரம்
8.2.2025

அண்ணி,

அன்புள்ள என்று எழுதியிருந்தீர்கள். அண்ணனிடம் காட்டினேன், “எனக்கே இப்படி எழுதினதில்ல” என்றார்.

கண்ணாடிக்கு வெளியே நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது ஏன் தெரியுமா? அந்தக் கை என் பேச்சைக் கேட்காது என்று பயந்தேன். கனிமொழி குனிந்தபோது நானும் என்னை அறியாமல் குனிந்தேன். அவள் தாடையைத் தூக்கினதைப் பார்த்ததும் என் உயிர் திரும்பி வந்தது. நான் சொல்லிக் கொடுத்ததை விட அழகாகத் தூக்கினாள்.

வைத்திலிங்கம் சார் இனிமேல் இலக்கியாவுக்கு மருந்தைக் குறைத்து எழுதியிருக்கிறார். நாளை மறுநாள் வாருங்கள். முட்டியைப் புதன்கிழமை நீட்டின அளவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் நீட்டுவார்கள்.

கலை


சிதம்பரம்
1.3.2025

அண்ணி,

முகூர்த்த ஜாக்கெட் வேலை என்று நீங்கள் வராமல் போனீர்களே, அதனால் இதை எழுதியே ஆக வேண்டும். அண்ணன் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார்.

இன்றைக்குக் கனிமொழி மருந்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். இலக்கியா அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். “மருந்து வாணாம் கனியக்கா” என்றாள். ஏன் என்று கேட்டோம். “எல்லா தடவையும் நான் தூங்கிடறேன். எப்படி மாத்துறாங்கன்னு பாக்கவே இல்ல. இன்னிக்கு முழிச்சுனு இருக்கேன்.” சாரைக் கூப்பிட்டோம். புண் பெரும்பாலும் மூடிவிட்டது, பிள்ளை கேட்டால் செய்து பாருங்கள், வேண்டாம் என்று சொன்ன நிமிஷம் நிறுத்துங்கள் என்றார்.

மருந்து இல்லை என்றால் விதியும் இல்லை அண்ணி. யார் மாற்றட்டும் என்று கேட்டதற்கு “அத்தை” என்றாள். கை கழுவிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கை அவள் இடுப்பைச் சுற்றித் தளர்வாகத்தான் இருந்தது.

முதல் சுற்று, இரண்டாவது சுற்று, ஒன்றும் இல்லை. முட்டிக்குப் பின்னால் ஒரு இடத்தில் துணி ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்தேன். “நிறுத்து அத்தே” என்றாள். நிறுத்தினேன். கையை முழுசாக எடுத்துவிட்டேன். மூச்சை இழுத்து விட்டாள், கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, “ம், இப்ப எடு” என்றாள். எடுத்தேன். காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் தோலைப் பார்த்து, “ரோஸா இருக்கு” என்றாள்.

முடித்த பிறகு கேட்டேன், வலிச்சுதா என்று. “வலிச்சுது. ஆனா நிறுத்துன்னா நிறுத்துன இல்ல, அதனால பரவால்ல.”

மருந்துத் தட்டை அப்படியே திருப்பி வைத்தாள் கனிமொழி. எத்தனையோ பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறோம். ஆட்டோவில் பயந்து மூத்திரம் போன பிள்ளை, விழித்துக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டாள். எங்கள் வேலையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை அண்ணி. வார்டு முழுக்க நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், யார் என்ன நினைத்தால் என்ன.

கலை


கடலூர்
16.3.2025

அன்புள்ள கலை,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். எனக்கு மட்டும் படித்தேன் என்றா நினைக்கிறாய்? சலீமா பீவி, அதான் அந்த பென்சில் பாக்ஸ் தஸ்னீமின் அம்மா, ஜாக்கெட் வாங்க வந்திருந்தாள். உட்கார வைத்து முழுசும் படித்துக் காட்டினேன். “யாரு எழுதினது?” என்றாள். என் நாத்தனார் என்றேன். “சண்டையில இருக்கீங்கன்னு சொன்னீங்களே?” என்றாள். ஆமா, இன்னும் சண்டைதான், அவளும் மன்னிப்பு கேக்கல, நானும் கேக்கல, அது வேற இது வேற என்றேன்.

அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவளுடைய சின்னவன் அஃப்சலுக்கு முதுகில் ஊசி போட்டு ஏதோ பரிசோதனை பண்ண வேண்டுமாம், அவன் ஆஸ்பத்திரி என்றாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறானாம். “தூங்க வெக்கிறது டாக்டரா?” என்று கேட்டாள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தேன். டாக்டர் பாத்துதான் சொல்லுவாரு, பக்கத்துலயே இருப்பாரு, ஆனா தூங்க வெக்கிறது நர்ஸு, மூச்சப் பாக்குறதும் நர்ஸு, எங்க வூட்டு நர்ஸு என்றேன். புதன்கிழமை வருகிறாள். நீராகாரம்கூடக் கூடாது என்று அதட்டி அனுப்பியிருக்கிறேன். அவனையும் அவள் மடியிலேயே வைத்துக் கொடுங்கள்.

நேற்றுக் காலையில் இலக்கியாவுக்குப் புதுப் பாவாடை வெட்டினேன். அவள் அளவு எனக்கு மனப்பாடம், டேப் வைக்கத் தேவையே இல்லை. ஆனாலும் அவளைக் கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றச் சொல்லி, எதையும் பிடிக்காமல் கடைக்கு நடுவில் நிற்கச் சொன்னேன். இடது பக்கம் இடுப்பிலிருந்து கீழே டேப்பை விட்டேன். வலது பக்கமும் விட்டேன். ஏன் ரெண்டு பக்கமும் அளக்குற என்று கேட்டாள். பேசாம நில்லுடி என்றேன். குனிந்து கீழே பார்த்தேன். இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.

மலர்க்கொடி